நாற்பத்திரண்டு பல்

ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிளை வாங்குகிறவர்கள் பெயின்ட்டைப் பார்த்து வாங்குகிறார்கள். அது பிழை. பெடலோடு சேர்ந்து சுழலும் பெரிய பல்சக்கரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். செயின்வீல் என்று கடைகளில் சொல்வார்கள். அது நல்லதாக இருந்தால் மற்ற எதையும் சரிக்கட்டிவிடலாம். அது தேய்ந்திருந்தால் மனிதனுக்கு நிம்மதியே இல்லை, ஐயா.

நான் எழுந்து நின்றுகொண்டு சொல்லலாமா? உட்கார்ந்தால் எனக்குக் கால் ஆடும். நீங்கள் எழுதுகிற மேசையும் சேர்ந்து ஆடும்.

என் பெயர் ஷரிபுதீன். வயது ஐம்பத்தேழு. ஊர் சாய்ந்தமருது. இருபத்திரண்டு வருஷமாகப் புளியடி வட்டைக்கு நான்தான் வட்டவிதானை. நீங்கள் வெளியூர்க்காரர் என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற வயல்கள் எல்லாம் சேர்ந்தது வட்டை. யாருடைய வயலுக்கு எந்த நாள், எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று முறை வைத்து, வாய்க்கால் கதவைத் திறப்பதும் பூட்டுவதும் விதானையின் வேலை. இத்தனை வருஷத்தில் நான் ஒரு தரமாவது நேரம் பிந்தியதில்லை. பள்ளிவாசலுக்குப் பிந்தி வந்தாலும் ஷரிபுதீன் விதானையின் தண்ணீருக்குப் பிந்தக் கூடாது என்று எங்கள் பக்கம் பகிடி பண்ணுவார்கள். எனக்கு அந்தப் பகிடி பிடிக்கும்.

இந்த வருஷம் பெற்றோல் இல்லாமல் போனது உங்களுக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு, கல்முனைக்குக் கடைசியாக வந்த கொள்கலனில் இருந்து ஒரு சைக்கிளை வாங்கினேன். நாள் ஒன்றுக்குப் பதினெட்டு மைல் வாய்க்கால் கரைக்கட்டின் மேல் ஓட வேண்டும். ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு செயின் வழுக்கத் தொடங்கியது. கொஞ்சம் அழுத்தி மிதித்தால் டக் என்று ஒரு பல்லைத் தாண்டும். பெடல் சும்மா கீழே போகும், முழங்கால் ஹேண்டிலில் இடிபடும். செயின்வீலைப் பார்த்தால் பற்கள் எல்லாம் தேய்ந்து, சுறாவின் முதுகுச் செட்டை போல ஒரு பக்கம் சாய்ந்து நின்றன.

எத்தனை மிதிக்கு ஒரு தரம் வழுக்குகிறது என்று நான் எண்ணத் தொடங்கினேன். அதைத் தொடங்கியிருக்கக் கூடாது. ஏழு மிதி, டக். நாலு மிதி, டக். பிறகு பதினொன்று. ஏதாவது ஒரு ஒழுங்கு இருந்திருந்தால் பொறுத்திருப்பேன். ஒழுங்கே இல்லாததுதான் என்னை வதைத்தது. சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் எண்ணினேன். தொழுகையில் எண்ணினேன். சோறு தின்னும்போது எண்ணினேன்.

“சோத்துக் கோப்பைக்குள்ள என்னத்த எண்ணுறீங்க?” என்று என் மனைவி சுல்பிகா கேட்டாள். “கால ஆட்டாம இரிங்களேன். வீடே நடுங்குது.”

பாண்டிருப்பில் தம்பிமுத்து என்று ஒருவர் சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கிறார். நேர்மையான ஆள். என் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“விதானையார், இது அஞ்சு கைச் சாமான்” என்றார். செயின்வீலைப் பிடித்துப் பூட்டுகிற கைகளைச் சொன்னார், கைக்கு ஒரு போல்ட். “நாலு கை எண்டா நேருக்கு நேர் அளக்கலாம். அஞ்சு கைக்கு எதிர்ப் பக்கத்தில ஓட்டை இல்ல. பக்கத்துப் பக்கத்து ஓட்டை ரெண்டுக்கும் நடு மட்டம் பார்த்து அளக்கணும். ஒரு நூல் பிசகினாலும் ஏறாது.”

நானே அளந்தேன். எழுபத்தாறரை மில்லிமீட்டர். பல் நாற்பத்திரண்டு. அவரிடம் ஐந்து கைக்குரியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் இடைவெளி அறுபத்தைந்து கூட இல்லை.

“இரிக்கிறதத் தாங்களன், நான் எப்பிடியாவது பூட்டுறன்” என்றேன்.

“ஏறாத சாமான வித்துப்போட்டு மறுகா உங்கட முகத்தில நான் எப்பிடி முழிக்கிற?” என்றார். “இப்போதைக்கு இதக் கழட்டி மறுபக்கம் திருப்பிப் போட்டுத் தாறன். தேயாத பக்கம் கொஞ்ச நாளைக்கு இழுக்கும்.”

பத்தொன்பது நாள் இழுத்தது. பிறகு பழையபடி வழுக்கத் தொடங்கியது. அரம் வைத்து ராவிப் பார்த்தேன். மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போனேன். அக்கரைப்பற்றுக்குப் போனேன். அம்பாறையில் ஒரு கடையில் பழைய சாமான் குவியலை மத்தியானம் முழுவதும் கிண்டினேன். இறக்குமதியை நிற்பாட்டிவிட்டார்கள், இனி எப்போது வரும் என்று தெரியாது என்று எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். அளவு எழுதிய கடதாசி என் சட்டைப்பையில் வியர்வையில் ஊறிக் கிழிந்தது. இன்னொன்று எழுதினேன். அதுவும் கிழிந்தது.

அப்ராஸின் சைக்கிளை நான் முதன்முதலில் கண்டது ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நாளில். பள்ளிவாசல் மதிலோடு சாய்த்து வைத்திருந்தார். அதே கொள்கலன், அதே கம்பனி, அதே ஐந்து கை. உள்ளே குத்பாப் பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. நான் எழுந்து வெளியே வந்து, முழங்காலில் நின்று பல் எண்ணினேன். நாற்பத்திரண்டு. ஒரு பல்லும் தேயவில்லை. அவர் சவளக்கடைப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிற மாஸ்டர், முப்பத்திரண்டு வயது. வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவதோடு சரி. தேய்வதற்கு என்ன இருக்கிறது?

தொழுகை முடிந்து வந்தவர் என்னைக் கண்டு குனிந்தார். வயதில் மூத்தவர்களை எங்கள் பக்கம் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“என்ன காக்கா, காத்துப் போயிட்டா?”

“இல்ல மகன். பல்ல எண்ணினன்.”

அவர் சிரித்தார். அளக்க விட்டார். தானே அடிமட்டத்தைப் பிடித்தும் தந்தார். எழுபத்தாறரை. மூத்த மகள் பிறந்த அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரவில்லை. இதை எழுதாமல் விட்டாலும் பரவாயில்லை, ஆனால் உண்மை அதுதான்.

அவர் நல்ல பிள்ளை. அதை நான் மறுக்கவில்லை. தன்னிடம் படித்த பிள்ளைகளுக்கெல்லாம் போனில் படம் அனுப்பி, இப்படி ஒன்று கொழும்பில் கிடைக்குமா என்று எனக்காக விசாரித்தார். கிடைக்கவில்லை. நான் மாற்று யோசனை சொன்னேன்: என் தேய்ந்த வீலை அவர் பூட்டட்டும், அவருடையதை எனக்குத் தரட்டும். அவர் சும்மா ஓடுகிறவர். நான் நாற்பது குடும்பத்துக்குத் தண்ணீர் கொண்டு போகிறவன். யாருக்கு அது தேவை என்று யாரும் யோசித்துச் சொல்லலாம். இரண்டு மூடை நெல்லும் தருவதாகச் சொன்னேன். பிறகு மோட்டார் சைக்கிளையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஒவ்வொரு தரமும் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றார்.

நாலாவது தரம் அவர் சிரிக்கவில்லை. வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

“காக்கா, மரியாதையாச் சொல்றன். இத இனிக் கேக்க வராதீங்க. இதிலதானே நான் புள்ளையளுக்குப் படிச்சிக் குடுக்கப் போற? நானும் மனிசன்தானே.”

அவருடைய மனைவி அஸ்பியா பின்னால் நின்றாள். எனக்கென்று ஊற்றிய தேத்தண்ணி கையில் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு முன்னால் அவர் அப்படிச் சொன்னது எனக்குச் சுட்டது. தேத்தண்ணியைக் குடிக்காமல் திரும்பினேன். வரும் வழியில் எட்டு மிதிக்குள் மூன்று தரம் வழுக்கியது.

அதற்குப் பிறகு நான் அவரிடம் கேட்கப் போகவில்லை, போக மாட்டேன் என்று மனதுக்குள் வாக்கும் கொடுத்தேன். வாக்கு என்றால் வாக்கு. அந்த வாரம் செயின்வீல் போல்ட்டுகளுக்குரிய ஆறுமூலைச் சாவி ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன். ஏன் என்று கேட்பீர்கள். நல்ல வீல் எங்கே, எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆயத்தமாக இருப்பது என் பழக்கம்.

அன்றைக்கு வியாழக்கிழமை. ஐந்து நாள் பூட்டியிருந்த வாய்க்காலை நாலு மணிக்குத் திறக்க வேண்டும். மூன்றேகாலுக்கு நான் வாய்க்கால் கட்டின் மேல் போய்க்கொண்டிருந்தபோது, உழவு மெசின் புரண்டு கட்டு இடிந்திருந்த இடத்தில் ஒரு சைக்கிள் விழுந்து கிடப்பதைக் கண்டேன். அப்ராஸ் பின்னேர வகுப்பு முடித்துக் குறுக்கு வழியால் வீட்டுக்கு வந்திருக்கிறார். முன்சில்லு பள்ளத்தில் இறங்கி அவரைத் தூக்கி வீசியிருக்கிறது. அந்த இடத்தில் வாய்க்கால் ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். இரண்டு பக்கமும் சீமெந்துச் சுவர்.

நான் முதலில் சைக்கிளைத்தான் பார்த்தேன். அது மேலே, என் காலடியில் கிடந்தது. முன்சில்லு வளைந்துவிட்டது. செயின்வீலுக்கு ஒரு கீறலும் இல்லை.

“காக்கா,” என்று கீழே இருந்து குரல் வந்தது. “அல்லாஹ்தான் உங்கள அனுப்பின. இடுப்ப அசைக்க ஏலாமக் கிடக்கு. போனும் உடைஞ்சி போச்சு. என்னத் தூக்குங்க.”

இடுப்பு உடைந்திருந்தது. கால் திரும்பிக் கிடந்த விதத்தைப் பார்த்தாலே தெரியும். நான் கட்டின் மேல் குந்தியிருந்து யோசித்தேன்.

“மகன், இடுப்பு உடைஞ்சா மூணு நாலு மாசத்துக்குச் சைக்கிள் ஓட ஏலா” என்றேன். “இந்த வீல நான் எடுக்கட்டா?”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

“என்னத்தையும் எடுங்க காக்கா. முதல்ல என்னத் தூக்குங்க.”

நான் எதையும் மறைக்கவில்லை. முதலில் தூக்கச் சொன்னார், அதுவும் உண்மை. ஆனால் எடுங்கள் என்று அவர் வாயால் சொன்னார். ஆகவே இதைக் களவு என்று எழுதாதீர்கள். என் வாழ்க்கையில் அடுத்தவன் பொருளில் நான் கை வைத்ததில்லை.

இரண்டு போல்ட் லேசாகக் கழன்றன. மூன்றாவது துருப்பிடித்திருந்தது. பின்னால் உள்ள நட்டும் சேர்ந்து சுற்றியது. பேனாக்கத்தி முனையை அதற்குள் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் திருகினேன். கீழே இருந்து அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். யாராவது கூப்பிட்டுக்கொண்டிருந்தால் எனக்கு வேலை ஓடாது; இரண்டு தரம் கத்தி வழுக்கி விரலில் வெட்டியது. அந்த நேரத்தில் தூரத்தில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. அன்றைக்கு எனக்குப் பள்ளிவாசலில் சேர்ந்து தொழுகிற ஜமாஅத் தப்பிவிட்டது. அந்த மூன்றாவது போல்ட்டால்தான். அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

வீல் கைக்கு வந்தது. தூரத்தில் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். கடைசிப் பல் வரைக்கும் நேராக நின்றது.

போல்ட்டுகள் எனக்குத் தேவையில்லை. என்னுடையவை நன்றாக இருந்தன. தேவையில்லாததை எடுப்பது ஹராம். ஆகவே பத்து யார் தள்ளி இருந்த படிக்கட்டு வழியாக வாய்க்காலுக்குள் இறங்கிப் போய், ஐந்து போல்ட்டையும் அவருடைய சட்டைப்பையில் போட்டு, விழாமல் பொத்தானையும் பூட்டிவிட்டேன். அவைதான் இப்போது உங்கள் மேசையில் இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் கொடுத்த உடுப்பில் அஸ்பியா அவற்றைக் கண்டெடுத்திருக்கிறாள். விழுந்து உயிர் போய் மவுத்தானவன் தன் செயின்வீலைத் தானே கழற்றிப் போல்ட்டைப் பையில் போட மாட்டான் என்று அந்தப் பிள்ளை யோசித்திருக்கிறாள். கெட்டிக்காரி. நான் களவெடுக்கிற ஆளாக இருந்திருந்தால் இன்று இங்கே நிற்க மாட்டேன்.

நான் கீழே குனிந்தபோது, தூக்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து அவர் என் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டார். இறுக்கிப் பிடித்தார். நான் மெதுவாக அந்தக் கையை எடுத்துவிட்டேன். எனக்கும் நாரி வருத்தம், இடுப்பு வலி, இருக்கிறது. தனியாளாக ஒரு வளர்ந்த மனிதனைத் தூக்குவது என்னால் ஆகாது.

“காக்கா, தண்ணி எத்தின மணிக்கு?” என்று கேட்டார்.

“நாலு மணிக்கு” என்றேன். பொய் சொல்லவில்லை.

“அப்ப கெதியா ஆளக் கூட்டிட்டு வாங்க.”

“இந்தா வாறன் மகன்.”

அந்த நேரத்தில் வருவதாகத்தான் நினைத்தேன். வீலைத் தோள்பையில் போட்டுக்கொண்டு மிதித்தேன். கதவடிக்குப் போகும் வழியில் பூபாலசிங்கம் எனக்குப் போன் எடுத்தார். வாய்க்காலின் கடைசிக் கண்டத்தில் வயல் செய்கிறவர். எப்போதும் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற இடம் அது.

“விதானையார், இண்டைக்குத் தண்ணி தவறாதுதானே? நெல்லு கதிர் விடக் குடலை தள்ளுற நேரம். இண்டைக்கு விட்டா நமக்கு மிஞ்சிறது பதர்தான்.”

“நான் இரிக்கக்குள்ள எண்டைக்காவது தவறின?” என்றேன்.

“இல்ல, இல்ல. உங்கள நம்பித்தானே இரிக்கம்.”

அவரிடமே இரண்டு பேரை அனுப்பச் சொல்லியிருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். அவர் தண்ணீரைப் பற்றிக் கேட்கத்தான் எடுத்தார். நான் அதற்குப் பதில் சொன்னேன்.

கதவடிக்கு வந்தபோது எட்டு நிமிஷம் மிச்சம் இருந்தது. அந்த எட்டு நிமிஷமும் என்ன செய்தேன் என்று நேற்றும் கேட்டீர்கள். வீலைப் பையில் இருந்து எடுத்து, என் சைக்கிளில் இருந்த பழையதன் மேல் வைத்துப் பார்த்தேன். ஓட்டைக்கு ஓட்டை நின்றது. பிறகு யோசித்தேன். அவரைத் தூக்கினால் ஆஸ்பத்திரிக்குப் போவார். மூன்று மாதத்தில் எழும்பி நடப்பார். நடந்ததும் சைக்கிளைத் தேடுவார். வலியில் சொன்ன வாக்கை யார் மதிப்பார்கள்? நான் வீலைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும். கொடுக்காவிட்டால், விழுந்து கிடந்தவனிடம் கழற்றினான் என்று ஊர் கதைக்கும். கொடுத்தால் மறுபடியும் வழுக்கும். ஏழு மிதி, டக். நாலு மிதி, டக். அதை என்னால் நினைக்கவே ஏலாமல் இருந்தது.

நாலு மணிக்குத் திறந்தேன். அவர் கீழே கிடப்பது தெரிந்துதான் திறந்தேன். இதை அப்படியே எழுதுங்கள்.

வழக்கமாகக் கதவுக் கைபிடியை முதலில் நாலு சுற்று மட்டும் சுற்றித் திறப்பேன். தண்ணீர் மெல்ல ஓடிக் கரையை நனைத்த பிறகு, கால் மணித்தியாலம் கழித்து மிச்ச எட்டையும் திறப்பேன். அன்றைக்குப் பன்னிரண்டு சுற்றையும் ஒரே மூச்சில் திறந்தேன். கால் மணித்தியாலமாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டு கிடப்பது அவருக்குக் கஷ்டமாக இருக்கும். என்னை இரக்கமில்லாதவன் என்று யாரும் சொல்ல ஏலாது.

ஐந்தரைக்கு பூபாலசிங்கம் திரும்பவும் எடுத்தார். கடைக்கண்டத்துக் கம்பித் தடுப்பில் ஆள் ஒன்று அடைபட்டிருப்பதாக அழுதுகொண்டு சொன்னார். நான் கதவைப் பூட்டிவிட்டுப் போனேன். நாங்கள் நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்கினோம். தலைப்பக்கத்தை நான் பிடித்தேன். பாரமாகத்தான் இருந்தது, ஆனாலும் தூக்க முடிந்தது.

மறுநாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து வந்து வீலைப் பூட்டினேன். ஐந்து போல்ட்டும் ஒரே தடவையில் இறங்கின. பள்ளிவாசல் வரைக்கும் மிதித்துப் பார்த்தேன். எண்ணினேன். நூறு, இருநூறு, முன்னூறு. ஒரு தரம்கூட வழுக்கவில்லை. அந்தச் சைக்கிளில்தான் ஜும்ஆவுக்கும், அதோடு சேர்ந்த அவருடைய ஜனாசா அடக்கத்துக்கும் போனேன்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஜனாசாத் தொழுகைக்கு வரிசை கட்டிய பிறகு, மவுத்தானவரின் சொந்தக்காரர் ஒருவர் முன்னால் வந்து எல்லாரிடமும் கேட்பார். அன்றைக்கு அஸ்பியாவின் சகோதரன் றிம்சான் வந்து நின்றார்.

“எங்கட மச்சான் ஆருக்காவது மனம் நோகிற மாதிரி நடந்திருந்தா, ஒரு சொல் சொல்லியிருந்தா, அல்லாஹ்வுக்காக அவர மன்னிச்சிருங்க” என்றார்.

வரிசையில் நின்ற எல்லாரும் தலையை அசைத்தார்கள். நான் உடனே அசைக்கவில்லை. அந்த வாசலும், மனைவிக்கு முன்னால் அவர் சொன்ன சொல்லும் என் கண்ணுக்குள் வந்தன. வயதில் மூத்த ஒருவனை நாலு தரம் நடக்க வைத்துவிட்டு வெறுங்கையோடு அனுப்பியது சின்ன விஷயமில்லை. முதல் தரம் கேட்டபோதே தந்திருந்தால் இவ்வளவும் வந்திருக்காது. ஆனாலும் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். அல்லாஹ்வுக்காக என்று கேட்ட பிறகு மனதில் வைத்துக்கொண்டிருப்பது அழகில்லை. அங்கேயே, அந்த வரிசையில் நின்றபடியே, நான் அப்ராஸை மன்னித்துவிட்டேன், ஐயா.